வெள்ளம் வடிந்த வீட்டுக்குள் எதைத் திரும்ப எடுத்துவைப்பது? விசுவாசத்துக்குப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. கிறிஸ்துமஸுக்கு ஆயத்தப்படும் அட்வெந்து காலத்தின் மூன்றாம் ஞாயிறு என்பதால் குடையைப் பிடித்துக்கொண்டாவது ஆராதனைக்குப் போய்விட்டு வந்தோம். அதன் பிறகு மழை விடவே இல்லை. அன்றைக்கும் மறுநாள் காலைக்கும் இடையில் காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது என்று பிறகு பேப்பரில் பார்த்தோம். தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. எங்கள் ஊர் ஏரல் பக்கம், தாமிரபரணி ஓரம். திங்கட்கிழமை விடியும்போது வீட்டுக்குள் தண்ணீர் ஜன்னல் கட்டை வரை நின்றது.

தண்ணீர் வடிந்ததும் வீட்டில் இருந்த அத்தனையையும் தெருவில் கொண்டுவந்து போட்டோம். அரிசி டிரம், மெத்தை, பீரோ, பிள்ளைகளின் புத்தகப் பை, கிறிஸ்துமஸுக்கு எடுத்து வைத்திருந்த புதுத்துணி. எல்லாவற்றிலும் வண்டல் அப்பிக் கிடந்தது. வீட்டைக் கழுவி முடித்த கையோடு நான் ஒவ்வொன்றாக உள்ளே தூக்க ஆரம்பித்தேன். அத்தை வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு நான் கொண்டுவந்த ஒவ்வொரு சாமானுக்கும், "ஏளா, இது உள்ள வேணுமா?" என்று கேட்டார்கள். முதலில் எனக்கு எரிச்சலாக வந்தது. பொழுது சாயும்போது பார்த்தால் பாதிச் சாமான் உள்ளே வரவே இல்லை.

அந்தக் கேள்வியை எங்கள் நாட்களைப் பார்த்தும் கேட்க வேண்டும் என்று தோன்ற எனக்குச் சில வாரங்கள் ஆயின. 2020இல் ஒரு தடவை இதே மாதிரி எல்லாம் நின்றது. மார்ச் 25இல் ஊரடங்கு தொடங்கியது. ஏப்ரல் 12 ஈஸ்டர் அன்று கோயில் பூட்டிக் கிடக்க, வீட்டுக் கூடத்தில் பாய் விரித்துப் பாடினோம். தினமும் குடும்ப ஜெபம் நடந்தது, பிள்ளைகளே வசனம் வாசித்தார்கள். கடை திறந்து கோயிலும் திறந்த பிறகு, யாரும் நிறுத்தச் சொல்லாமலே அந்த ஜெபம் நின்றுபோனது. பழைய ஓட்டம் தானாகவே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டாம் தடவை அப்படி விட்டுவிட மனசு கேட்கவில்லை.

வேலை போனவர்கள், வீட்டில் சாவு விழுந்தவர்கள், ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைகிறவர்கள், வெள்ளத்தில் எங்களைப்போல இழந்தவர்கள் ஆகியோரில் கிறிஸ்தவ விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கும், பெயருக்குக் கிறிஸ்தவர்களாக இருந்துவிட்டு இப்போது திரும்பிப் பார்க்கிறவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நான் ஊழியக்காரி இல்லை. பலசரக்குக் கடை வைத்திருக்கும் வீட்டுக்காரி. செய்து பார்த்ததைச் சொல்கிறேன்.

முதலில் சாப்பிடுங்கள், தூங்குங்கள்

கஷ்டம் வந்ததும் உபவாசம் இருக்கலாமா, முழு இரவு ஜெபத்துக்குப் போகலாமா என்று புதியவர்கள் கேட்பார்கள். பொறுங்கள். 1 இராஜாக்கள் 19ஆம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். எலியா உயிருக்குப் பயந்து ஓடி, வனாந்தரத்தில் ஒரு சூரைச்செடியின் கீழ் விழுந்து, சாக வேண்டும் என்று கேட்கிறான். அவ்வளவு பெரிய தீர்க்கதரிசி. அவனுக்கு ஆண்டவர் அப்போது பிரசங்கம் எதுவும் பண்ணவில்லை. தூதன் வந்து தட்டியெழுப்பி, "எழுந்திருந்து போஜனம்பண்ணு" என்கிறான். தலைமாட்டில் தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் இருக்கிறது. சாப்பிட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொள்கிறான். மறுபடி எழுப்பி மறுபடி சாப்பாடு. ஓரேப் மலையில் மெல்லிய சத்தத்தில் ஆண்டவர் அவனிடம் பேசுவது அதற்கு அப்புறம்தான்.

ஆகவே முதல் வாரத்துக்கு மூன்றே காரியம் போதும். வேளைக்குச் சாப்பாடு, கஞ்சியும் துவையலும் என்றாலும் வீட்டில் இருக்கிறவர்கள் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட வேண்டும். ராத்திரி ஒரு நேரத்துக்கு விளக்கை அணைத்துப் படுக்க வேண்டும். சாப்பிடுமுன் ஒரு வரி ஜெபம்: "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்." பரமண்டல ஜெபத்தில் இந்த வரியைச் சின்ன வயதிலிருந்து சொல்லியிருக்கிறேன். நிவாரண முகாமில் பொட்டலச் சோறு வந்தபோதுதான் அதில் "இன்று" என்று ஒரு வார்த்தை இருப்பதைக் கவனித்தேன். வரப்போகும் மாசத்துச் சாப்பாட்டைக் கேட்கச் சொல்லி இயேசு கற்றுக்கொடுக்கவில்லை.

புலம்பத் தெரிந்துகொள்ளுங்கள்

இந்த இடத்தில் புதியவர்கள் மட்டும் இல்லை, பழைய விசுவாசிகளும் தடுமாறுகிறார்கள். யாராவது வந்து "எப்படி இருக்கிறீங்க?" என்று கேட்டால், "ஆண்டவர் கிருபையால நல்லா இருக்கோம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். வீடு மண்ணாகக் கிடக்கும்போதும் வாய் அதைத்தான் சொல்கிறது. ஆண்டவரிடமும் அதையே சொல்ல வேண்டும் என்று நினைத்துவிடுகிறோம்.

வேதத்தில் சங்கீதம் என்ற பெயரில் உள்ள 150 ஜெபப் பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்தான். 13ஆம் சங்கீதத்தை எடுங்கள், ஆறே வசனம். "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று ஆரம்பிக்கும். முதல் இரண்டு வசனங்களுக்குள் "எதுவரைக்கும்" என்பது திரும்பத் திரும்ப வரும். நடுவில் கேட்க வேண்டியதைக் கேட்கும். கடைசியில், நிலைமை எதுவும் மாறியதாகச் சொல்லாமலே, நம்பிக்கையைச் சொல்லும். உங்கள் ஜெபத்துக்கும் இதே வரிசையை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பழைய நோட்டில் எழுதுவது வாயால் சொல்வதைவிடச் சுலபம். முதலில் என்ன நடந்தது, என்ன போனது என்பதைப் பெயர் சொல்லி எழுதுங்கள். "பொருள் நஷ்டம்" என்று மொத்தமாக எழுத வேண்டாம். நான் "அம்மா தந்த தையல் மிஷின்" என்று எழுதினேன். அதற்கப்புறம்தான் அழுகையே வந்தது. அடுத்து என்ன வேண்டும் என்று கேளுங்கள். பிறகு, முன்பு ஒரு கஷ்டத்தில் அவர் உங்களை எப்படித் தாங்கினார் என்று நினைவிருந்தால் ஒரு வரி. நினைவு வராவிட்டால் அந்த இடத்தைக் காலியாக விடுங்கள். பொய்யாக ஒன்றும் எழுத வேண்டாம்.

13 பழகியதும் 77, 130 என்று போகலாம். 46ஐயும் 121ஐயும் மனப்பாடம் பண்ணிவிடுங்கள். கரண்டு இல்லாத ராத்திரியில் மனப்பாடமாக இருப்பது மட்டும்தான் கைக்கு எட்டும்.

இதோடு சேர்த்து ஒன்று. "உங்க வீட்ல ஏதோ பாவம், அதான் இப்படி" என்று யாராவது சொல்வார்கள். நிச்சயமாகச் சொல்வார்கள். லூக்கா 13ஆம் அதிகாரத்தைக் காட்டுங்கள். சீலோவாமில் கோபுரம் விழுந்து செத்த பதினெட்டுப் பேர் மற்றவர்களைவிடக் குற்றவாளிகளா என்று இயேசு தாமே கேட்டு, இல்லை என்று தாமே சொல்கிறார். அதற்குமேல் அந்தப் பேச்சை வளர்க்க வேண்டாம்.

ஒரு நேரம், ஒரு இடம், பத்து நிமிஷம்

குடும்ப ஜெபம் என்பது பெரிய காரியம் ஒன்றும் இல்லை. சேர்ந்து உட்கார்ந்து ஒரு பாட்டு, வேதத்தில் ஒரு பகுதி, ஒரு ஜெபம். பத்து நிமிஷத்தில் முடிக்க வேண்டும். அரைமணி நேரம் இழுத்தால் இரண்டாம் வாரம் பிள்ளைகள் காணாமல் போவார்கள்.

நேரத்தைக் கடிகாரத்தோடு கட்டாதீர்கள், ஏதாவது ஒரு வேலையோடு கட்டுங்கள். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் ஜெபம். கடை அடைக்க எட்டரை ஆனாலும் பத்தானாலும் தட்டு கழுவித்தானே ஆக வேண்டும். யார் நடத்துவது என்று முறை வையுங்கள். எங்கள் சின்னவள் ஏழு வயதில் நடத்தினாள். அவளுடைய ஜெபம் மூன்று வரி. அவள் ஜெபிக்கும் அன்று யாரும் தூங்குவதில்லை.

எங்கே இருந்து வாசிப்பது? மாற்கு சுவிசேஷம். பதினாறு அதிகாரம், எல்லாம் வேகமாக நடக்கும், நாலாம் அதிகாரத்திலேயே படகுக்குள் தண்ணீர் நிரம்புகிறது. ஓர் அதிகாரத்தை இரண்டு மூன்று நாளாகப் பிரித்துக்கொள்ளுங்கள். பழைய மொழிபெயர்ப்பில் "சஞ்சலம்", "அநுகூலம்" என்று வரும் சொற்கள் புதியவர்களுக்குக் கடினமாக இருக்கும். எளிய தமிழில் வந்த பதிப்புகள் இருக்கின்றன; கத்தோலிக்கக் குடும்பங்களில் 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பை வாசிப்பார்கள். எதுவானாலும் வாய்விட்டு வாசியுங்கள். வாசித்த பின் விளக்கம் சொல்ல வேண்டாம். "இதுல எது மனசுல நின்னுது?" என்று ஒரு கேள்வி போதும். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை.

எங்கள் குடும்ப வேதாகமம் மூன்று நாள் தண்ணீரில் கிடந்தது. தூக்கிப் போட்டிருப்பேன். அத்தை விடவில்லை. நிழலில் பிரித்து வைத்து, ஒட்டிப்போன தாள்களை ஒரு பனை ஈர்க்கை விட்டு ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். ஒரு நாளைக்குப் பத்துத் தாள் நகர்ந்தால் அதிகம். சங்கீதப் பகுதிதான் ரொம்ப ஒட்டியிருந்தது. அவர்கள் அதிகமாகத் திறந்து வாசித்து நைந்துபோன தாள்கள் அவை. பிரியும் இடத்தில் ஒரு வசனம் தெரிந்தால் அதைச் சத்தமாக வாசிப்பார்கள், நான் அடுப்படியில் இருந்து கேட்பேன். ஜனவரி முழுக்க எங்கள் வேத வாசிப்பு அப்படித்தான் நடந்தது.

மூன்று குவியல்

முதல் அதிர்ச்சி கொஞ்சம் தணிந்த பிறகு செய்ய வேண்டிய வேலை இது. உடனே செய்யாதீர்கள். துக்கத்தில் எடுக்கும் முடிவு நிற்காது. நாங்கள் லெந்து காலத்தில், அதாவது ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாச காலத்தில் செய்தோம். 2024இல் அது தொடங்கும் சாம்பல் புதன் பிப்ரவரி 14இல் வந்தது, வெள்ளத்துக்குக் கிட்டத்தட்ட இரண்டு மாசம் கழித்து. நாற்பது நாள் என்ற கணக்கு இதற்கு நல்லது. என்றைக்குமாக ஒன்றை விடுவது பயமாக இருக்கும். நாற்பது நாள் விட்டுப் பார்க்கலாம்.

வெள்ளத்துக்கு முந்தைய ஒரு சாதாரண வாரத்தை நினைவில் கொண்டுவந்து, எழுந்ததிலிருந்து படுத்தது வரை என்னென்ன செய்தோம், எதற்கெல்லாம் செலவழித்தோம் என்று எழுதுங்கள். வீட்டில் எல்லாரும் எழுத வேண்டும். பிறகு ஒவ்வொன்றையும் பார்த்து அத்தையின் கேள்வியைக் கேளுங்கள். உள்ளே வர வேண்டியது ஒரு குவியல். கழுவி, பழுதுபார்த்து உள்ளே எடுக்க வேண்டியது ஒரு குவியல். வெளியே விட வேண்டியது ஒரு குவியல்.

எங்கள் பட்டியலில் சண்டை வந்த இடம் ஞாயிற்றுக்கிழமைக் கடை. ஞாயிறு காலையில்தான் வியாபாரம் சூடாக நடக்கும் என்று என் வீட்டுக்காரர் ஒரு மணி வரை திறந்து வைப்பார்கள். கோயிலுக்கு நானும் பிள்ளைகளும்தான் போவோம். வெள்ளத்துக்குப் பிறகு கடை எப்படியும் மூன்று வாரம் திறக்கவில்லை. அந்த ஞாயிறுகளில் அவர்களும் எங்களோடு வந்து, மத்தியானம் பிள்ளைகளோடு தரையில் படுத்துத் தூங்கினார்கள். அதைப் பார்த்த சின்னவள் "கடை திறக்காண்டாம்ப்பா" என்றாள். வருமானம் குறையும் என்பது உண்மைதான். கணக்குப் போட்டோம். வனாந்தரத்தில் ஆண்டவர் தம் ஜனங்களுக்கு மன்னா என்ற ஆகாரத்தைக் கொடுத்த கதை யாத்திராகமம் 16இல் இருக்கிறது. ஆறாம் நாள் இரண்டு மடங்கு கிடைக்கும், ஏழாம் நாள் பொறுக்கப் போனவர்களுக்கு ஒன்றும் கிடைக்காது. அதை வாசித்துவிட்டு லெந்து முடியும் வரை ஞாயிறு நாலு மணிக்கு மேல் திறப்பது என்று முடிவு பண்ணினோம். வருமானம் குறைந்தது. லெந்து முடிந்த பிறகும் நாலு மணிதான்.

ஆனால் எல்லா வீட்டுக்கும் இது பொருந்தாது. தினக்கூலிக்குப் போகிறவரிடம் ஞாயிறு வேலைக்குப் போகாதே என்று நான் சொல்ல மாட்டேன். அவருக்கு ஓய்வு வேறு வேளையில் கிடைக்கலாம். கேள்வியைக் கேட்பதுதான் முக்கியம், பதில் வீட்டுக்கு வீடு மாறும்.

பணத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், ஜெபம் பேசும் இடத்தில் கடனைப் பேசக் கூடாது என்று ஒரு கூச்சம் நம்மிடம் இருக்கிறது. ஜெப நோட்டின் பின்பக்கத்தில் கடன் பட்டியலை எழுதுங்கள். நகைக்கடன், குழுக் கடன், சீட்டு, கைமாற்று, வட்டி என்ன, எந்தத் தேதி என்று எல்லாம். புருஷனுக்குத் தெரியாமல் மனைவியும் மனைவிக்குத் தெரியாமல் புருஷனும் வைத்திருக்கும் கடன் இந்த நேரத்தில்தான் வெளியே வரும், வரட்டும். அரசாங்க நிவாரணம் வந்தால் வாங்கக் கூச்சப்படாதீர்கள். எங்கள் பக்கம் ரேஷன் கார்டுக்கு 6000 ரூபாய் கொடுத்தார்கள், அது பள்ளிக்கூடப் புத்தகத்துக்கும் அடுப்புக்கும் போனது. கல்யாணம் காதுகுத்துக்கு மொய்யை உயர்த்திக்கொண்டே போவது எங்கள் வெளிக் குவியலில் விழுந்தது. சொந்தக்காரர்கள் முகம் சுளித்தார்கள். அதற்கு இன்னும் எங்களிடம் நல்ல பதில் இல்லை.

"கஷ்டம் தீர விதைப்புக் காணிக்கை அனுப்புங்கள், நூறு மடங்காக வரும்" என்று போனில் வரும் அழைப்புகளுக்கு ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். ஏழை விதவை ஒருத்தி காணிக்கையாகப் போட்ட இரண்டு காசை இயேசு பார்த்தார். அவளிடம் போய் அவர் கேட்கவில்லை.

வாசலுக்கு வெளியே

அந்த டிசம்பர் 17 ராத்திரி திருச்செந்தூரில் இருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் ஏறத்தாழ 800 பேரோடு நின்றுபோனது. பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் ஊர்க் கோயிலில் அடுப்பு மூட்டிச் சமைத்து அவர்களுக்குப் போட்டார்கள். அம்மன் கோயில் சோறு, யார் எவர் என்று கேட்காத சோறு. வழியில் அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவியவனைப் பற்றி இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையை வாசிக்கும்போதெல்லாம் இப்போது எனக்கு அந்த அடுப்புத்தான் ஞாபகம் வருகிறது.

எரேமியா 29இல், பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இருக்கிறது. வீட்டைக் கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். யாருடைய பட்டணம்? அவர்களைச் சிறைபிடித்தவர்களின் பட்டணம். தன் வீடு சரியான பிறகு அடுத்தவனைப் பார்க்கலாம் என்று அந்தக் கடிதத்தில் இல்லை.

புதியவர்கள் இதைச் சின்னதாகத் தொடங்க எங்கள் சபைகளில் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது: பிடியரிசி. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட வேண்டும். முன்பு அது கோயிலுக்குப் போகும். நாங்கள் மாசக் கடைசியில் அதை அளந்து, தெருவில் யாருக்குத் தேவையோ அவர்களுக்குக் கொடுக்கிறோம், எந்த ஜாதி எந்த மதம் என்று பார்ப்பதில்லை. ஜெபிக்கும்போது அக்கம்பக்கத்து வீடுகளில் இரண்டு பேருடைய பெயரைச் சொல்லி ஜெபியுங்கள். பெயரைச் சொன்ன பிறகு மறுநாள் அவர்களைப் பார்த்துப் பேசாமல் போக முடியாது.

சபைக்குள் போவது

தனியாக விசுவாசத்தில் நிற்பது கஷ்டம். ஞாயிறு ஆராதனைக்குப் போங்கள். புதியவர் என்றால் பின் வரிசையில் உட்காருங்கள், மற்றவர்கள் எழும்போது எழுந்தால் போதும். காணிக்கைப் பை வரும்போது போட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அப்பமும் ரசமும் கொடுக்கும் திருவிருந்து யாருக்கு என்பதில் சபைக்குச் சபை ஒழுங்கு வேறு, ஆகவே அன்றைக்கு உட்கார்ந்தே இருங்கள். பிறகு ஐயரிடம் (சபைப் போதகரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம்) கேட்டுக்கொள்ளலாம். ஆராதனை முடிந்ததும் ஓடிவிடாதீர்கள். வாசலில் நின்று ஐயரிடம், "வீட்ல இப்படி ஒரு கஷ்டம், ஒரு நாள் வந்து ஜெபிக்கணும்" என்று நேராகச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாமல் அவருக்குத் தெரியாது.

எங்கள் பக்கத்துச் சபைகளின் கதையே இப்படி இடம்பெயர்ந்தவர்களின் கதைதான். விசுவாசத்தின்பேரில் சொந்த ஊரில் இருக்க முடியாமல் போனவர்களுக்காக 1799இல் தாவீது சுந்தரானந்தம் ஓர் ஊரை உண்டாக்கினார். அதுதான் முதலூர். இன்றைக்கு மஸ்கோத் அல்வாவுக்காக அந்த ஊரைத் தெரிந்துவைத்திருக்கிறோம். அன்றைக்கு அது எல்லாம் போனவர்கள் சேர்ந்து எழுப்பிய ஊர்.

உங்களுக்கு ஆறுதல் சொல்ல வருகிறவர்களில் யாரைப் பக்கத்தில் வைத்துக்கொள்வது என்பதற்கு வேதத்தில் எல்லாவற்றையும் இழந்த யோபின் சிநேகிதர்களைப் பாருங்கள். ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதுவரை நல்ல சிநேகிதர்கள். வாயைத் திறந்த பிறகுதான் தொல்லை. சும்மா வந்து உட்கார்ந்து, போகும்போது வாளித் தண்ணீர் ஊற்றித் தரையைத் தேய்த்துவிட்டுப் போகிறவர்களை விடாதீர்கள்.

ஜெபம் மட்டும் போதாத இடம்

தொடர்ந்து இரண்டு வாரம் தூக்கம் இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, மழைச் சத்தம் கேட்டாலே உடம்பு நடுங்குகிறது, செத்துப்போகலாம் என்று தோன்றுகிறது என்றால் டாக்டரைப் பாருங்கள். அது அவிசுவாசம் இல்லை. அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. தமிழ்நாட்டில் 104க்கும் கூப்பிடலாம். எங்கள் வீட்டில் ஒருவருக்கு அந்த உதவி தேவைப்பட்டது, வாங்கினோம்.

விட்டுப்போனால்

விட்டுப்போகும். கல்யாண வீடு வரும், காய்ச்சல் வரும், கடையில் சரக்கு வரும் நாளில் தட்டைக் கழுவாமலே படுத்துவிடுவோம். எங்களுக்கு ஒரு தடவை பதினோரு நாள் விட்டுப்போனது. அப்போது நான் செய்த தப்பு, விட்ட அதிகாரங்களை எல்லாம் சேர்த்து ஒரே ராத்திரியில் வாசிக்க வைத்தது. பிள்ளைகள் அரண்டுபோனார்கள். மறுபடி தொடங்க இன்னொரு வாரம் ஆனது.

விட்டுப்போன நாட்களைச் சேர்த்துக் கட்ட வேண்டாம். அன்றைக்கு எது உண்டோ அதை எடுங்கள். பாய் விரியுங்கள், யாருடைய முறை என்று கேளுங்கள், சின்னவர் முறை என்றால் வேதாகமத்தை அவர் கையில் கொடுங்கள். எங்களுடையதில் தாள்கள் உப்பி, மூடினால் மூடாது. அத்தை அதன்மேல் ஒரு துணி சுற்றிக் கட்டிவைப்பார்கள். ஒவ்வொரு ராத்திரியும் அந்த முடிச்சை அவிழ்ப்பது சின்னவள் வேலை.